வரிசையைச் சுருக்குவது கருவியா, வரைபடமா?

மாணவர்களே, ஜொகூர் பாருவில் பல வீடுகளில் பிள்ளைகள் கண் விழிப்பதற்கு முன்பே அப்பாவோ அம்மாவோ வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்கூடாய், தம்போய், மாசாய், பாசிர் கூடாங் என்று நாலா பக்கங்களிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் இருட்டிலேயே ஜொகூர் பாலத்தை நோக்கிப் போகின்றன. சிங்கப்பூரில் வேலை தொடங்குவது காலை 8 மணிக்கு என்றாலும் 5 மணிக்கே வண்டியைக் கிளப்பினால்தான் நிம்மதி. மாலையிலும் அதே வரிசை. அவர்கள் வீடு வந்து சேரும்போது சின்னப் பிள்ளைகள் தூங்கிப் போயிருப்பார்கள்.

அந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். 1924 ஜூன் 28இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. இன்று நாள்தோறும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கடக்கிறார்கள். உலகின் மிக நெரிசலான நில எல்லைகளில் அதுவும் ஒன்று. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏன் ஒரு மணி நேரமும் சில நாள்களில் அதற்கு மேலும் ஆகிறது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் உடனே சொல்லும் பதில்கள் மூன்று: கவுண்டர்களைக் கூட்ட வேண்டும், புதிய செயலி வேண்டும், தானியங்கிக் கதவு வேண்டும். மூன்றும் தேவைதான். ஆனால், அவற்றுக்கு முன்னால் வர வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்பது என் கருத்து. வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரை நடக்கும் அனைத்தையும் ஒரு தாளில் முழுமையாக வரைந்து பார்ப்பதே அந்த வேலை. வரையாமல் வாங்கிய கருவி வரிசையைக் குறைப்பதில்லை. பல நேரங்களில் அதை வேறோர் இடத்துக்கு நகர்த்தி வைப்பதோடு சரி.

இப்படி வரைந்து பார்ப்பதற்கென்றே ஒரு துறை உண்டு. ஆங்கிலத்தில் அதை எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்கிறார்கள். தமிழில் நிறுவனக் கட்டமைப்பியல் எனலாம். பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் அடிப்படை நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலில்தான் இருக்கிறது.

ஒளிச்சேர்க்கையில் இருக்கிறது பதில்

உயிரியல் பாடத்தில் ஒளிச்சேர்க்கையைப் பாதிக்கும் காரணிகளைப் படித்திருப்பீர்கள். ஒரு செடிக்கு ஒளியைக் கூட்டக் கூட்ட ஒளிச்சேர்க்கையின் வேகமும் கூடும். ஓர் எல்லைக்குப் பிறகு எவ்வளவு ஒளியைக் கொடுத்தாலும் வேகம் கூடாது, வரைகோடு மட்டமாகிவிடும். அந்த இடத்தில் பற்றாக்குறை ஒளியில் இல்லை. கரியமில வாயுவிலோ வெப்பநிலையிலோ இருக்கிறது. இதைத்தான் கட்டுப்படுத்தும் காரணி என்கிறோம். உங்கள் பாடநூலில் ஃபாக்டோர் பெங்ஹாட் என்று இருக்கும்.

எல்லையைக் கடப்பதும் இப்படித்தான். முதலில் மலேசியக் குடிநுழைவுச் சோதனை, அடுத்து பாலம், அடுத்து சிங்கப்பூர்ச் சோதனை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மலேசியப் பக்கம் நிமிடத்துக்கு 40 மோட்டார் சைக்கிள்களை அனுப்புகிறது. சிங்கப்பூர்ப் பக்கம் நிமிடத்துக்கு 30 வண்டிகளை ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 வண்டிகள் பாலத்தில் தேங்கும். அரை மணி நேரத்தில் 300.

இப்போது மலேசியப் பக்கத்தில் மட்டும் நவீன இயந்திரங்களைப் பொருத்தி, 40ஐ 60 ஆக்குகிறோம். பாலத்தில் தேங்குவது நிமிடத்துக்கு 30 ஆகிவிடும். அரை மணி நேரத்தில் 900. இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. மலேசியப் பக்கத்து வரிசை குறைந்ததைப் படம் பிடித்துக் காட்டவும் முடியும். ஆனால், வேலைக்குப் போகிறவர் ஒரு நிமிடம்கூட முன்னதாகப் போய்ச் சேர மாட்டார். முன்பு கூரைக்கு அடியில் காத்திருந்தவர் இப்போது பாலத்தின் மேல் மழையில் காத்திருப்பார்.

ஒரு பகுதியை மட்டும் பார்த்து அதைச் சீராக்கினால் முழுமை சீராகாது. நிறுவனக் கட்டமைப்பியல் இந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

ஆறு கேள்விகள், நான்கு அடுக்குகள்

1987இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் சக்மன் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வீட்டைக் கட்ட வேண்டுமானால் கட்டடக் கலைஞர் முதலில் வரைபடம் போடுகிறார். வீட்டுக்காரருக்கு ஒரு வரைபடம், கொத்தனாருக்கு ஒன்று, மின்கம்பி இழுப்பவருக்கு இன்னொன்று. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் கணினி அமைப்புகளை மட்டும் ஏன் வரைபடம் இல்லாமல் கட்டுகிறோம் என்பதுதான் அவருடைய கவலை. அவர் உருவாக்கிய சட்டகம் பின்னாளில் ஆறு எளிய கேள்விகளின் மேல் நின்றது: எது? எப்படி? எங்கே? யார்? எப்போது? ஏன்?

1995இல் டோகாஃப் என்ற மற்றொரு முறை வெளிவந்தது. இன்று உலகில் பரவலாகப் பயன்படும் முறைகளில் அதுவும் ஒன்று. அது நிறுவனத்தை நான்கு அடுக்குகளாகப் பார்க்கச் சொல்கிறது. மேலே வேலை: யார், எதற்காக, எந்த வரிசையில் செய்கிறார்கள். அதன் கீழே தரவு: அந்த வேலைக்கு என்னென்ன விவரங்கள் தேவை. அடுத்தது செயலிகள்: அந்த விவரங்களைக் கையாளும் மென்பொருள்கள். அடியில் தொழில்நுட்பம்: கணினி, வலையமைப்பு, கதவு, கேமரா.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கேமராவை வாங்குகிறோம். பிறகு அதற்கொரு செயலி. அதற்குப் பிறகு விவரங்களைத் திரட்டுகிறோம். கடைசியில்தான் இது எந்த வேலைக்கு என்று கேட்கிறோம். மேலிருந்து கீழே போக வேண்டும் என்பதே இந்தத் துறை சொல்லும் முதல் பாடம்.

நம் நாட்டுப் பொதுத்துறைக்கும் மைகவ் ஈஏ என்ற பெயரில் இத்தகைய வழிகாட்டி உண்டு. அமெரிக்காவில் 1996இலேயே, அரசு நிறுவனங்கள் தங்கள் தகவல் தொழில்நுட்பத்துக்கு இப்படி ஒரு கட்டமைப்பை வரைந்து வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

20 விநாடியின் மதிப்பு

2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் காரில் வருவோர் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம் என்று சிங்கப்பூர் அறிவித்தது. நான்கு பேர் வரும் காருக்கு ஏறத்தாழ 20 விநாடிகளும், பத்துப் பேர் வரும் வாகனத்துக்கு ஏறத்தாழ 1 நிமிடமும் மிச்சமாகும் என்று அந்நாட்டின் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் கணித்தது. காரில் வருவோரில் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்தினால் காத்திருக்கும் நேரம் 30 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்றும் சொன்னது.

20 விநாடி மிச்சத்தால் 30 விழுக்காடு எப்படிக் குறையும் என்று கேட்கத் தோன்றும். வரிசையில் ஒரு காருக்கு மிச்சமாகும் 20 விநாடி அந்தக் காரோடு முடிவதில்லை. பின்னால் நிற்கும் ஒவ்வொரு காருக்கும் அது போய்ச் சேர்கிறது. உங்களுக்கு முன்னால் 60 கார்கள் நின்றால், 60 முறை 20 விநாடி, அதாவது 20 நிமிடம் உங்களுக்கு மிச்சம்.

இதில் மாறியது கருவி மட்டும்தானா? முன்பு கடப்பிதழ் விவரங்களைப் படிக்கும் வேலை கவுண்டரில் நடந்தது. அதிகாரி ஒவ்வொன்றாக வாங்கி, பக்கத்தைத் திருப்பி, இயந்திரத்தில் வைத்துப் படித்தார். இப்போது அந்த வேலையைப் பயணி வீட்டிலேயே, அவசரம் இல்லாத நேரத்தில், கைப்பேசியில் செய்துவிட்டு வருகிறார். ஒரு குடும்பத்துக்கு ஒரே குறியீடு போதும். கவுண்டரில் எஞ்சியிருப்பது முகத்தைச் சரிபார்க்கும் வேலைதான். 'எங்கே', 'எப்போது' என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை மாறியிருக்கிறது. அதனால்தான் பலன் கிடைத்தது. அதே பழைய வேலையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு கியூஆர் கருவியை மட்டும் கூடுதலாக ஒட்டியிருந்தால், அதிகாரிக்கு இன்னொரு வேலை கூடியிருக்கும்.

நம் பக்கத்திலும் 2024இல் பேருந்துப் பயணிகளுக்குச் சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்திலும் சுல்தான் அபு பாக்கார் வளாகத்திலும் கியூஆர் சோதனை ஓட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு வேறு செயலிகளும் வந்தன. எந்தச் செயலியை எந்தப் பாதையில் காட்டுவது என்று பயணிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நிலையும் வந்தது. செயலிகள் பெருகுவதை நாம் முன்னேற்றம் என்று எண்ணிவிடுகிறோம். என்னைக் கேட்டால், ஒரே வேலைக்கு இரண்டு செயலி இருந்தால் அந்த வேலையை யாரும் முழுமையாக வரைந்து பார்க்கவில்லை என்று பொருள்.

கதவுக்குப் பின்னால் இருப்பது

2025 ஜூலை 18ஆம் நாள், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் ஜொகூரின் இரண்டு நில எல்லைகளிலும் தானியங்கிக் கதவுகள் திடீரென்று இயங்காமல் போயின. பயணிகள் மறுபடியும் கவுண்டர்களில் நீண்ட வரிசையில் நின்றார்கள். கோளாறு கதவுகளில் இல்லை. அவற்றுக்குப் பின்னால் இருந்து விவரம் தரும் மைய அமைப்போடு உண்டான இணைப்பில்தான் சிக்கல். பளபளப்பான கதவுகள் வரிசையாக நின்றும், யாரையும் அடையாளம் காண முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியும் அடுக்கு தொழில்நுட்பம். கண்ணுக்குத் தெரியாத அடுக்கு தரவு. கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை மூளையோடு இணைக்கும் பார்வை நரம்பு பழுதானால் பார்வை இல்லை என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். வரைபடத்தில் அந்த நரம்பும் இருக்க வேண்டும். அது அறுந்தால் மாற்று வழி என்ன என்பதும் அதே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தரவு என்றதும் நம் வீட்டுக் கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. மைகார்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி என்று ஒரு சாய்கோட்டோடு இருக்கும். சில கணினிப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. சில படிவங்கள் குடும்பப் பெயர் எது என்று கேட்கும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஆகவே, ஒரே ஆளின் பெயர் வங்கியில் ஒரு விதமாகவும், விமானச் சீட்டில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் பதிவாகிறது. மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரிந்துகொள்வார். கணினிக்கு மூன்று பேர்.

இதற்கு வேகமான கணினி தீர்வாகாது. 'பெயர்' என்ற விவரம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் ஒரே முடிவுக்கு வருவதுதான் தீர்வு. மைகார்டின் 12 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். விதி ஒன்றாக இருப்பதால் எங்கே போனாலும் அந்த எண் மாறுவதில்லை. தரவு அடுக்கைச் சரியாக வரைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த எண்ணே சான்று.

துறைகள் பிரிந்திருந்தால் கணினியும் பிரிந்திருக்கும்

1968இல் மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ அதன் சாயலிலேயே அமையும் என்பது அதன் சாரம். ஐந்து துறைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால், ஐந்து தனித்தனிக் கணினி அமைப்புகள்தான் பிறக்கும்.

நம் நுழைவாயில்களில் குடிநுழைவு, சுங்கம், தாவர விலங்குத் தனிமைப்படுத்தல், சுகாதாரம் எனப் பல துறைகள் நெடுங்காலமாகத் தனித்தனியே இயங்கின. ஒவ்வொன்றுக்கும் தனி அமைச்சு, தனித் தலைமை, தனி விதி. இந்த நிலையை மாற்ற 2024இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மலேசிய எல்லைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு நிறுவனம் என்ற ஏகேபிஎஸ் 2025இல் பணியைத் தொடங்கியது. எல்லையில் நடக்கும் சோதனைகளை ஒரே தலைமையின் கீழ்க் கொண்டு வருவது அதன் நோக்கம்.

இதில் கணினி எதுவும் இல்லையே என்று நினைக்காதீர்கள். நிறுவனக் கட்டமைப்பியலில் மேல் அடுக்கு வேலைதானே. 'யார்' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைத்தால்தான் கீழே இருக்கும் தரவும் செயலியும் ஒன்றாக முடியும். சட்டம் வந்ததாலேயே வரிசை மறைந்துவிடாது. ஆனால், வரைபடத்தைத் திருத்தும் உரிமையுள்ள ஒரு கை இப்போது இருக்கிறது.

வடிவத்தையே மாற்றும் ரயில்

இவை எல்லாவற்றையும் விட எனக்கு நம்பிக்கை தருவது, புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரை செல்லவிருக்கும் ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு. நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பயணம் 5 நிமிடம். ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 10,000 பேர் வரை செல்லலாம். 2026 இறுதிக்குள் தயாராகி, 2027 தொடக்கத்தில் மக்கள் பயணத்துக்கு வர வேண்டும் என்பது திட்டம்.

ரயிலின் வேகத்தை விட முக்கியமானது அதன் சோதனை முறை. இப்போது மலேசியாவில் ஒரு வரிசை, பாலம் தாண்டி சிங்கப்பூரில் இன்னொரு வரிசை. ஆர்டிஎஸ் ரயிலில் இரண்டு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். புக்கிட் சாகாரில் மலேசியாவை விட்டு வெளியேறும் சோதனையும் சிங்கப்பூருக்குள் நுழையும் சோதனையும் அடுத்தடுத்து நடக்கும். உட்லண்ட்ஸ் நோர்த்தில் இறங்கினால் நேரே வெளியே நடந்து போகலாம். திரும்பும்போதும் அப்படியே.

இதன் பாதி வடிவம் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. 2015 முதல் ஓடும் தெப்ராவ் ஷட்டல் ரயிலில் சிங்கப்பூரிலிருந்து வருவோர் உட்லண்ட்ஸிலேயே இரண்டு சோதனைகளையும் முடித்துவிட்டு ஏறுகிறார்கள். அதை இரண்டு திசைக்கும், பெரிய அளவில் கொண்டு போவதுதான் புதிய திட்டம்.

நான்கு அடுக்குகளையும் இதில் தேடிப் பாருங்கள். ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் தம் பணியைச் செய்ய ஒப்பந்தமும் சட்டமும் வேண்டும். அது வேலை அடுக்கு. அவருக்குத் தேவையான விவரங்கள் எல்லை தாண்டிப் பாதுகாப்பாக வர வேண்டும், அது தரவு. அவற்றைக் காட்ட மென்பொருள் வேண்டும், அது செயலி. கதவு, கேமரா, கம்பி எல்லாம் கடைசி அடுக்கு. மேலே உள்ள முடிவை முதலில் எடுத்ததால்தான் கீழே உள்ள கருவிக்குப் பயன் உண்டாகிறது.

ஆனால், வரைபடம் புக்கிட் சாகார் நிலைய வாசலோடு நின்றுவிடக் கூடாது. மணிக்கு 10,000 பேர் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 167 பேர். அவர்கள் அனைவரும் பேருந்தில் வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு பேருந்துக்கு 60 பேர் என்ற கணக்கில், நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருந்துகள் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். ஆளுக்கொரு காரில் வந்தால் நிமிடத்துக்கு 167 கார்கள்! பாலத்தில் இருந்த வரிசை ஜொகூர் பாருவின் சாலைகளுக்கு இடம் மாறிவிடும். அவரவர் தாமானிலிருந்து நிலையம் வரை எப்படி வருவார்கள், மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவார்கள், இரவு வேலை முடிந்து வருவோருக்குப் பேருந்து இருக்குமா என்பவையும் அதே தாளில் வரையப்பட வேண்டும். ரயிலைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அதுதான் என் கவலை.

கப்பல் கொடுத்த எச்சரிக்கை

வணிக நிறுவனங்களுக்கும் இதே கதைதான். ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் 2024இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. பாரந்தூக்கிகள் எவ்வளவு வேகமாக இருந்தாலும், ஆவணம் தாமதமானால் கொள்கலன் நகராது.

கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் 2014இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குளிரூட்டிய சரக்கு ஒன்றைப் பின்தொடர்ந்து பார்த்தது. அந்தச் சரக்கு ஏறத்தாழ 30 மனிதர்கள், நிறுவனங்களின் கைகளைக் கடந்து போனது. அவர்களுக்கிடையே 200க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் நடந்தன. இதைச் சீராக்க மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் டிரேட்லென்ஸ் என்ற தளத்தைத் தொடங்கின. தொழில்நுட்பம் புதியது, நோக்கமும் நல்லது. ஆனாலும் 2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். கப்பல் தொழிலில் உள்ள அனைவரும் சேர்ந்து ஒத்துழைக்கும் நிலை உருவாகவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். 'எது', 'எப்படி' என்ற கேள்விகளுக்கு நல்ல விடை இருந்தும், 'யார்' என்ற கேள்வியில் அது தோற்றது.

2025 ஜனவரி 7இல் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம், முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்களையும் 20,000 திறன்சார் வேலைகளையும் இலக்காகக் கொண்டிருக்கிறது. அந்த வேலைகளுக்குப் போகப்போகிறவர்கள் இப்போது படிவம் 3, 4, 5இல் இருக்கும் நீங்கள்தான். பொருள்களும் மனிதர்களும் விவரங்களும் இரண்டு நாட்டு விதிகளுக்கு நடுவே தடங்கலின்றிப் போய்வர வேண்டும். அதை வரைந்து காட்டத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கும்.

எதிர்ப்பக்க வாதங்கள்

இந்தத் துறையைக் குறை சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. சில நிறுவனங்களில் ஆண்டுக்கணக்கில் வரைபடம் மட்டுமே வரைகிறார்கள். தடித்த அறிக்கை அலமாரியில் தூங்குகிறது; வேலை பழையபடியே நடக்கிறது. வரைபடம் வரைவது ஒரு முடிவை எடுப்பதற்காக. எந்த முடிவையும் மாற்றாத வரைபடம் வெறும் சுவர்ப்படம்தான்.

இன்னொரு வாதம்: "ஒவ்வொரு படியையும் வெட்டி எறிந்துவிட்டால் வேகம் வந்துவிடுமே?" இங்கேதான் 'ஏன்' என்ற கேள்வி காப்பாற்றுகிறது. எல்லையில் பழங்களையும் இறைச்சியையும் சோதிப்பது நேரத்தைத் தின்னும் வேலைதான். ஆனால், நோய்க்கிருமியும் பூச்சியும் நாடு தாண்டாமல் இருக்கத்தான் அந்தச் சோதனை. ஏன் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு படியை நீக்குவது, எதற்கு என்று தெரியாமல் உடலிலிருந்து ஓர் உறுப்பை நீக்குவது போலாகும். அதே போல, முகத்தையும் விரல் ரேகையையும் திரட்டும்போது அவற்றை யார் வைத்திருப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நல்ல வரைபடத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கும்.

மூன்றாவது வாதம், ஆள் பற்றாக்குறை. கவுண்டர் கட்டுவது ஒரு வேலை. அதில் ஆள் உட்காருவது இன்னொரு வேலை என்பது சரிதான். அதையும் வரைபடம் மறைக்காது. காலை 5 மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அந்த நேரத்தில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பற்றாக்குறை எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பள்ளியிலேயே தொடங்கலாம்

இதற்குக் கணினி வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் கடிகாரமும் போதும். உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஓய்வு நேர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் ஜான் லிட்டில் என்ற அறிஞர் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: வரிசையில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை, ஒரு நிமிடத்தில் வந்து சேர்வோரின் எண்ணிக்கையையும் ஒருவர் காத்திருக்கும் நிமிடங்களையும் பெருக்கினால் கிடைக்கும். நிமிடத்துக்கு 10 பேர் வந்து, ஒவ்வொருவரும் 6 நிமிடம் நின்றால், வரிசையில் 60 பேர். நீங்களே எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

பிறகு அந்த வேலையை வரையுங்கள். உணவைத் தேர்ந்தெடுப்பது, எடுப்பது, பணம் கொடுப்பது, மீதிச் சில்லறை வாங்குவது, தட்டைத் திருப்பி வைப்பது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி ஆகிறது? எங்கே வரிசை தேங்குகிறது? பெரும்பாலும் அது நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது. சாப்பாடு எடுக்குமிடத்தில் இன்னோர் அக்காவை நிறுத்தச் சொல்லிக் கேட்பீர்கள். தேங்குவதோ சில்லறை தேடும் இடத்தில் இருக்கும். கட்டுப்படுத்தும் காரணியைக் கண்டுபிடித்த பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். ஒரு வாரம் செய்து பார்த்து மறுபடியும் அளந்து பாருங்கள். கருதுகோள், மாறி, சோதனை, முடிவு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அறிவியல் திட்டப்பணிக்கும் ஆகும்.

இதில் பழகிவிட்டால், அடுத்த முறை யாராவது "புதுச் செயலி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்று சொல்லும்போது உங்களுக்கு ஆறு கேள்விகள் தோன்றும். எந்த வேலைக்கு? அது எப்படி நடக்கும்? எங்கே? யார் செய்வார்கள்? எப்போது? ஏன்? இந்த ஆறுக்கும் விடை இருந்தால் கை தட்டுங்கள். இல்லாவிட்டால் மரியாதையோடு கேளுங்கள். பெற்றோரின் தூக்கத்தில் ஒரு மணி நேரம் அதில் அடங்கியிருக்கும்போது, கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.